ஒரு டியூப்போடு 14 மாதம்

தொடை இடுக்கில் வரும் அரிப்பைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பல்வலி என்றால் ஆபீஸ் முழுக்கச் சொல்லிப் புலம்புவோம். இதைக் கூடப்பிறந்தவனிடம்கூடச் சொல்ல மாட்டோம். தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்த நானும் சொல்லவில்லை. ஆரம்பத்தில் இருந்தது சுண்டுவிரல் நகத்தளவுக்கு ஒரு சிவப்பு வட்டம், அவ்வளவுதான். ஓரம் மட்டும் லேசாகத் தடித்து, பொடிப்பொடியாகச் செதில் உதிரும். நடுவில் தோல் சாதாரணமாகவே இருக்கும். பூஞ்சையால் வரும் படர்தாமரை என்று பார்த்தவுடன் சொல்லிவிடக்கூடிய வட்டம். ஆனால் பார்க்க வேண்டியவர்களிடம் நான் காட்டவே இல்லையே.

மருந்துக்கடையில் கூட்டம் குறையும் வரை நின்று, குரலைத் தாழ்த்தி, "அரிப்புக்கு ஏதாவது குடுங்க" என்றேன். எந்த இடம், எத்தனை நாளாக, எதையும் கேட்காமல் கடைத்தம்பி ஒரு டியூப்பை எடுத்து வைத்தார். "எல்லாத்துக்கும் கேக்கும் சார், ரெண்டே நாள்ல அடங்கிடும்." அவர் சொன்னது பொய்யில்லை. முதல் நாள் இரவு போட்டேன், மறுநாள் அரிப்பு பாதி. மூன்றாம் நாள் சிவப்பே இல்லை. பல நாளுக்குப் பிறகு இழுத்துப் போர்த்திக்கொண்டு நன்றாகத் தூங்கினேன். அந்தத் தூக்கம்தான் என்னை அந்த டியூப்புக்கு அடிமையாக்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

பத்து நாளில் நிறுத்தினேன். ஒரு வாரத்தில் திரும்ப வந்தது, இந்த முறை உள்ளங்கை அளவுக்கு. மறுபடி டியூப், மறுபடி அடங்கல், மறுபடி வரவு. ஒவ்வொரு சுற்றிலும் வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. ஒழுங்கான வட்டமாக இல்லாமல், அழிந்த கோலம் மாதிரி விளிம்பு கலைந்து, இடுப்பில் எலாஸ்டிக் பதியும் இடம்வரை ஏறிவிட்டது. அப்போதே ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும்: குணமாக்குகிற மருந்து என்றால், நிறுத்தியதும் ஏன் முன்னைவிடப் பெரிதாக வருகிறது? எனக்கு வரவில்லை. "டோஸ் பத்தலை போலிருக்கு" என்று நானே முடிவுகட்டி, கடையில் "இன்னும் ஸ்ட்ராங்கா" கேட்டேன்.

ஸ்ட்ராங்கானதும் கிடைத்தது. அதன் பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்துத்தான் வாங்கினேன், அதுதான் கூத்து. முன்பு எங்கோ கிளோட்ரிமசோல் பூஞ்சைக்கு நல்லது என்று படித்த ஞாபகம். இந்த டியூப்பில் கிளோபெட்டாசால் என்று இருந்தது. ரெண்டும் ஒன்றுதான், எழுத்தில் ஏதோ வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டேன். முன்னது பூஞ்சையைக் கொல்லும் மருந்து. பின்னது ஸ்டீராய்டு, சிவப்பையும் அரிப்பையும் அடக்குமே தவிரப் பூஞ்சையைக் கொல்லாது, அதிலும் தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை. அந்த வரிசையில் மென்மையான ஹைட்ரோகார்ட்டிசோனை விடப் பல நூறு மடங்கு வீரியம். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த துண்டுச்சீட்டில் எல்லாம் இருந்திருக்கிறது: 2 வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது, வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, முகத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் போடக் கூடாது. அந்தச் சீட்டை நான் பிரிக்காமலே குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு முறையும்.

எனவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். டியூப்பின் முன்பக்கம் இருக்கும் கம்பெனிப் பெயரைப் பார்க்காதீர்கள், பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், டெக்ஸாமெத்தசோன், ஃப்ளூசினோலோன், கிளோபெட்டாசால் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. கிளோட்ரிமசோல், கீட்டோகோனசோல், லுலிகோனசோல், டெர்பினாஃபின் ஆகியவை பூஞ்சைக்கானவை. ஒரே டியூப்பில் பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு என்று மூன்று நான்கு பெயர் வரிசையாக இருந்தால் அதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். எந்த நோய் என்று தெரியாதவர்தான் எல்லாவற்றுக்கும் சேர்த்து மருந்து தருவார்.

நடுவில் சுத்தபத்தமாக இருக்கிறேன் என்று நான் செய்த இன்னொரு வேலை. காலையும் மாலையும் சுடுதண்ணீர், கிருமிநாசினி சோப்பு, போதாததற்கு நாரை வைத்து அழுத்தித் தேய்ப்பது. தேய்க்கும்போது அரிப்புக்குச் சுகமாக இருக்கும். அரை மணி நேரம் கழித்து எரியும். ஏன் எரிகிறது என்பது பிறகுதான் புரிந்தது. நம் தோலின் கடைசி வெளி அடுக்கு, கொம்படுக்கு என்பார்கள், முழுக்கச் செத்த செல்களால் ஆனது. தட்டையான 15, 20 வரிசை செல்கள், கெரட்டின் என்ற புரதம் நிறைந்தவை, செங்கல் அடுக்கியது போல இருக்கும். செங்கலுக்கு நடுவே சாந்தாக செராமைடு, கொழுப்பமிலம், கொலஸ்ட்ரால் என்று கொழுப்புகள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமலும், வெளியே இருப்பது உள்ளே வராமலும் காப்பது அந்தச் சாந்துதான். தோலின் மேற்பரப்பு இயல்பாகவே லேசான புளிப்பு, பிஎச் 5 பக்கம் இருக்கும். சாதாரண சோப்புக்கட்டி 9, 10 என்று காரம். நான் நாளுக்கு இரண்டு தடவை சுடுதண்ணீரும் காரமும் நாரும் வைத்துச் சுவரின் சாந்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். தாமரை வந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, பிறகு ஒற்றி ஒற்றி முழுக்க ஈரம் போகத் துடைப்பது, இவ்வளவு போதும். முழுக்க ஈரம் போக என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பதினோராவது மாதம் வாக்கில் ஒருநாள் குளித்துவிட்டுக் குனிந்து பார்த்தபோது உள்தொடையில் கோடுகள். விரல் அகலத்துக்கு, கத்தரிப்பூ நிறத்தில், பக்கத்தில் பக்கத்தில் ஐந்தாறு. நகத்தால் கீறிக்கொண்டேனோ என்று தடவிப் பார்த்தேன். கீறல் இல்லை, தோல் அந்த இடத்தில் உள்வாங்கியிருந்தது. பக்கத்துத் தோலை இரண்டு விரலால் கூட்டிப் பிடித்தால் டிஷ்யூ காகிதம் மாதிரி பொடிச் சுருக்கமாக மடிந்தது, அடியில் நீல நரம்பு தெரிந்தது. அன்றிரவு தேடக் கூடாததை எல்லாம் போனில் தேடினேன். புற்றுநோய் என்று முடிவே செய்துவிட்டேன். விடியும் வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன், சொல்வதற்கு ஆள் இல்லை. அதற்கப்புறமும் வெட்கம் விடவில்லை பாருங்கள், டாக்டரிடம் போக இன்னும் மூன்று மாதம் ஆனது.

தோல் டாக்டர் நடுத்தர வயது அம்மா. நான் நெளிந்துகொண்டு நின்றதை அவர் கண்டுகொள்ளவே இல்லை. தினம் இதே வேலை அவருக்கு. கோடுகளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "எந்த டியூப் போட்டீங்க, எத்தனை மாசமா?" நான் சொன்னதும் தலையை மட்டும் ஆட்டினார். மழுங்கிய பிளேடால் விளிம்பிலிருந்து செதிலைக் கண்ணாடித் துண்டில் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டார். அது கெரட்டினைக் கரைத்துவிடும், பூஞ்சை மட்டும் கரையாமல் நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "நீங்களே பாருங்க சார்" என்று நகர்ந்தார். மங்கலான வெளிச்சத்தில் கண்ணாடி நூல் மாதிரி இழைகள், கிளை பிரிந்து குறுக்கும் நெடுக்குமாக. அந்தச் சின்னச் செதில் முழுக்க அதுதான். "சாதாரணமா இவ்வளவு இருக்காது. நீங்க இத்தனை மாசமா வளர்த்திருக்கீங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் உறைத்தது.

அவர் சொன்னதையும் பிறகு நானாகப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தப் பூஞ்சை குடியிருப்பது அந்தச் செத்த கொம்படுக்கில். கெரட்டினைத் தின்றுதான் அது பிழைக்கிறது. மேல்தோலில் ரத்தக்குழாயே கிடையாது, அதனால் ரத்தத்தின் காவல் நேரடியாக அங்கே போய்ச் சேராது. அதற்காகவே மேல்தோலுக்குள் ஒற்றர்கள் மாதிரி சில செல்கள் கை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. 1868இல் பால் லாங்கர்ஹான்ஸ் மருத்துவ மாணவராக இருந்தபோது கண்டுபிடித்ததால் லாங்கர்ஹான்ஸ் செல்கள் என்று பெயர். அவர் அவற்றை நரம்பு செல்கள் என்றே நினைத்தாராம். வேற்றாள் வந்ததை இவை மோப்பம் பிடித்துச் சேதி சொல்ல, கீழே உள்தோலில் ரத்தக்குழாய்கள் விரிந்து வெள்ளையணுக்கள் வருகின்றன. சிவப்பு, தடிப்பு, அரிப்பு எல்லாம் அந்தச் சண்டையின் அடையாளம். வட்டத்தின் விளிம்பில் மட்டும் சிவந்திருப்பதும் அதனால்தான், சண்டை அங்கேதான் நடக்கிறது. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்துகிறது. ரத்தக்குழாய் சுருங்கும், ஒற்றர்கள் ஓய்ந்துபோவார்கள், அரிப்பு அடங்கும். நாய் ஓயாமல் குரைக்கிறதே என்று அதன் வாயைக் கட்டிவிட்டு, திருடன் போய்விட்டான் என்று நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

கோடுகள் வந்தது வேறு கணக்கு. உள்தோலுக்கு வலுவைக் கொடுப்பது கொலாஜன் என்ற புரத நார். அதை ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் நெய்துகொண்டே இருக்க வேண்டும். வீரியமான ஸ்டீராய்டு அந்த நெசவையும் நிறுத்துகிறது. நார் மெலிந்த இடத்தில் உட்கார எழ இழுபடும்போது உள்தோல் உள்ளுக்குள்ளேயே கிழிகிறது. மேல்தோல் அறுபடாததால் ரத்தம் வராது, கோடு மட்டும் தெரியும். தோல் மெலிந்தது டியூப்பை நிறுத்தினால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும், ஆனால் கோடு போகாது, வெளுக்கும், அவ்வளவுதான் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

ஒரே தோல்தானே, கையில் போட்ட மருந்தை இங்கே போட்டால் என்ன என்று நானும் நினைத்தவன்தான். உடம்பெங்கும் தோல் ஒன்றில்லை. கண்ணிமையில் மேல்தோலின் கனம் 0.05 மில்லிமீட்டர் போலத்தான், உள்ளங்காலில் ஒன்றரை மில்லிமீட்டர் வரை போகும். 1967இல் ஃபெல்ட்மன், மைபாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஹைட்ரோகார்ட்டிசோனை உடம்பின் வெவ்வேறு இடங்களில் பூசி எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையை 1 என்று வைத்தால் நெற்றியில் 6, தாடை ஓரத்தில் 13, விரைப்பையில் 42. உள்ளங்காலில் ஏழில் ஒரு பங்குதான். மேலே உள்ளாடை மூடி, ஈரமும் சூடும் சேர்ந்த இடத்தில் உறிஞ்சுவது இன்னும் கூடும். அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. முகத்தில் சிவப்பழகுக்கென்று ஏதோ ஒரு கலவை க்ரீமைத் தடவுகிறவர்கள் அந்த 6ஐயும் 13ஐயும் ஒருதரம் திரும்பப் படியுங்கள்.

ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1952இல் ஹைட்ரோகார்ட்டிசோன் க்ரீம் வந்த பிறகுதான் எக்ஸிமா என்ற தோல் அழற்சி உள்ளவர்களுக்கு விடிவு பிறந்தது. எந்த நோய்க்கு, எந்த இடத்தில், எத்தனை நாள் என்று பார்த்து டாக்டர் எழுதிக் கொடுத்தால் தயங்காமல் போடுங்கள். அளவும் அவரே சொல்வார்: ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடு பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம், அது பெரியவர்களின் விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். நான் 15 கிராம் டியூப்பை இரண்டே வாரத்தில் காலி செய்துகொண்டிருந்தேன்.

டியூப்பை அன்றே நிறுத்தச் சொன்னார். என் விஷயத்தில் அப்படி. முகத்திலோ உடம்பின் பெரும்பகுதியிலோ மாதக்கணக்கில் போட்டவர்கள் தாமாக நிறுத்தாமல், எப்படிக் குறைப்பது என்று டாக்டரிடம் கேட்டுச் செய்ய வேண்டும். நிறுத்திய மூன்றாம் நாளிலிருந்து இரண்டு வாரம் நரகம். கட்டியிருந்த வாய் அவிழ்ந்ததும் நாய் 14 மாதத்துக்கும் சேர்த்துக் குரைத்தது. இடுப்பு முதல் முழங்கால் வரை சிவந்து, தண்ணீர் பட்டாலே எரிந்தது. தூக்கத்துக்கும் அரிப்புக்கும் ஒரு மாத்திரை, பூஞ்சைக்குச் சாப்பிடும் மாத்திரை, ஸ்டீராய்டு கலக்காத ஒரு க்ரீம். ஈரல் எப்படி இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள், பூஞ்சை மாத்திரையை நாமாக வாங்கிப் போடக் கூடாது என்பதற்கு அதுவே காரணம். அந்த இரண்டு வாரத்தில் இரண்டு தடவை பழைய டியூப்பைக் கையில் எடுத்துவிட்டேன். ஒரு தடவை மூடியைக்கூடத் திருகிவிட்டேன். இப்படி ஒரு கட்டம் வரும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லி வைத்ததால்தான் தப்பினேன்.

ஐந்தாம் வாரம் எல்லாம் போய்விட்டது போல இருந்தது. நிறுத்திவிடலாமா என்று கேட்டதற்கு, கண்ணுக்குத் தெரியாமல் போனபிறகும் க்ரீமை இரண்டு வாரமாவது தொடருங்கள், விளிம்புக்கு வெளியே இரண்டு விரல் அகலம் சேர்த்துப் போடுங்கள் என்றார். மேல்தோலின் அடிவரிசையில் பிறக்கும் செல் மேலே ஏறி, செத்து, செதிலாக உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். பூஞ்சை குடியிருந்த பழைய அடுக்கு முழுக்கக் கழிந்து புதுசு வர அந்த நேரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். அதுவரை துண்டு தனி, உள்ளாடை சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் காயவைத்தது, தொளதொள பருத்தி. ஜீன்ஸ் பக்கமே போகவில்லை. காலில் சேற்றுப்புண் இருக்கிறதா என்றும் பார்த்தார், இருந்தது. காலில் இருப்பது இடுப்புக்கு ஏற உள்ளாடையைக் கால் வழியாக ஏற்றுவதே போதுமாம். இதை எனக்கு யாரும் சொன்னதில்லை: முதலில் சாக்ஸ், பிறகு உள்ளாடை.

அரிப்பும் செதிலும் போனபிறகு கறுப்பாக ஒரு படலம் மிச்சம் நின்றது. நோய் போகவில்லை என்று நினைத்து மறுபடி பதறினேன். அழற்சி வந்த இடத்தில் நிறமி செல்கள் கூடுதலாக மெலனினைக் கொட்டிவிடுகின்றன, கொஞ்சம் உள்தோலுக்குள்ளும் இறங்கிவிடுகிறது, அது கரைய மாதங்கள் ஆகும். அரிப்பில்லை, செதிலில்லை, விளிம்பு தடிக்கவில்லை என்றால் அது வெறும் கறை. கறைக்கென்று இன்னொரு டியூப் வாங்கப் போய்விடாதீர்கள், அதிலும் பலசமயம் இதே ஸ்டீராய்டு ஒளிந்திருக்கும். ஒவ்வொரு வாரமும் ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்துத் தேதி போட்டு வைத்தேன். நாளுக்கு நாள் பார்த்தால் தெரியாத மாற்றம் நான்கு வாரப் படத்தைப் பக்கத்தில் வைத்தால் தெரிந்தது.

டியூப்புகளுக்குப் போன காசை அப்போது கணக்கே பார்த்ததில்லை, ஒவ்வொன்றும் சில்லறைதானே. பின்னால் கூட்டிப் பார்த்தால் வைத்தியத்துக்கு ஆனதைவிட அதுவே அதிகம். இரண்டும் சேர்ந்து ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. முழுசாகச் சரியாக டாக்டரிடம் போன பிறகு ஐந்து மாதம். முதல் வாரமே போயிருந்தால் ஒரு க்ரீமும் மூன்று நான்கு வாரமும் என்று அவர் சொன்னதை மட்டும் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

எழுத யோசித்த ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. இந்தக் கூத்தெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது, கழுத்தோரம் அரிக்கிறது என்று சொன்ன பக்கத்து சீட்டுக்காரரிடம், "எல்லாத்துக்கும் கேக்கும் சார், ரெண்டே நாள்" என்று பெருமையாகச் சொல்லி, புது டியூப் ஒன்றைக் கொடுத்திருந்தேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு மாலை அவருக்குப் போன் போட்டேன். "அருமையான மருந்துங்க, என் பொண்ணுக்கும் கன்னத்துல போட்டு விட்டேன்," என்றார். டியூப்பின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. பாதிக்கு மேல் சுருட்டிய டியூப், மடிப்புக்கு மேலே முதல் பெயரே அதுதான். உடனே திரும்பக் கூப்பிட்டு, வெட்கத்தை விட்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.